ஊதுங்க... இன்னும் ஊதுங்க... பன்னிரண்டாவது பலூனையும் ஊதுங்க!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், போல்டர் நகரப் பக்கம். ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வேன் ஒன்று வந்து நிற்கிறது. கூரியர் வண்டி இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. வீட்டுக்காரர் சாவகாசமாக இறங்கி வந்து வேனில் ஏறுகிறார். ரத்தம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பலூன் வருகிறது. ஆழமாக மூச்சை இழுத்து, மூன்று முதல் ஐந்து நொடிகளில் நிதானமாக ஊத வேண்டும். ஊதுகிறார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மொத்தம் 12! ஊதிக் களைத்தவர் வீட்டுக்குள் போய், சொந்தக் காசில் கடையில் வாங்கி வைத்த கஞ்சாவைப் பிடித்துவிட்டு, மறுபடி வேனுக்கு வருகிறார். மறுபடியும் பலூன்!

கஞ்சா அடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரைப் பிடிக்கக் கருவி செய்யும் உலகளாவிய ஓட்டப்பந்தயத்தின் ஒரு முக்கியமான கூடாரம் இந்த வேன்தான். இதற்குச் செல்லப்பெயர் ‘கன்னாவேன்’. பெயர் வைத்தவருக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுக்கலாம்.

நடத்துகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. கொலராடோ பல்கலைக்கழகத்தில் சின்னமன் பிட்வெல் என்பவரின் குழு. அவர்களோடு கைகோத்திருப்பது அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட். ஒரு நொடி என்றால் எவ்வளவு நேரம் என்று அந்த நாட்டுக்கே சொல்லும் அணுக் கடிகாரம் ஓடுவது, இதே போல்டரில் உள்ள நிஸ்ட் ஆய்வகத்தில்தான். நொடியைக் கோடிப் பங்காகப் பிளந்து அளக்கும் நிறுவனம் இங்கே பலூன் எண்ணிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் குஷியாக இருக்கிறது.

சரி, பல்கலைக்கழகத்தில் பளபளக்கும் ஆய்வகம் இருக்கும்போது வேன் எதற்கு? இங்கேதான் கூத்து. கொலராடோவில் 2014 ஜனவரி 1 முதல் கஞ்சாவைக் கடையில் வைத்து விற்கிறார்கள். வயது 21 ஆகியிருந்தால் யாரும் வாங்கலாம். ஆனால், அது மாநிலச் சட்டம். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா இன்னமும் தடைசெய்யப்பட்ட சரக்கு. மத்திய அரசின் நிதியில் ஓடும் பல்கலைக்கழகம், தெருமுனைக் கடையில் கிடைக்கும் கஞ்சாவைத் தன் வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஆராய்ச்சிக்கு அரசே வளர்த்த கஞ்சா உண்டு. பல பத்தாண்டுகளாக மிசிசிப்பி பல்கலைக்கழகத் தோட்டம் ஒன்றிலிருந்து மட்டும்தான் அது வந்தது. ஆனால், கடைச் சரக்கின் காரத்துக்கு அது கிட்டவே வராது. ஆக, மக்கள் நிஜமாகப் புகைப்பதை ஆராய்ச்சியாளர் தொடக் கூடாது. ஆராய்ச்சியாளர் தொடக்கூடியதை மக்கள் புகைப்பதில்லை. கஞ்சா ஆய்வகத்துக்கு வர முடியாதென்றால் ஆய்வகம் கஞ்சா இருக்கும் வீட்டு வாசலுக்குப் போகட்டும் என்று கிளம்பியதுதான் வேன்.

இப்போது அந்த 12 பலூன் சமாச்சாரம். மது குடித்தவர் ஒரு தடவை ஊதினால் போதுமே, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

மதுவில் இருக்கும் எத்தனால் சட்டென்று ஆவியாகும் பொருள். ரத்தத்திலிருந்து நுரையீரல் காற்றுக்குத் தாராளமாகத் தாவிவிடும். இத்தனை காற்றில் இவ்வளவு என்றால் ரத்தத்தில் இவ்வளவு என்று கணக்கே உண்டு: 2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் ஆல்கஹால், ஒரு மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம். இந்தச் சௌகரியத்தால்தான் இண்டியானாவின் ரோலா ஹார்கர் 1930களிலேயே ‘டிரங்கோமீட்டர்’ என்று ஒன்றைச் செய்துவிட்டார். அதிலும் பலூன்தான்! ஊதிய காற்றை ஊதா நிற பெர்மாங்கனேட் கரைசலுக்குள் விடுவார்கள். நிறம் வெளுத்தால் ஆசாமி மாட்டினார். 1938 புத்தாண்டு இரவுக்கு இண்டியானாபொலிஸ் போலீஸ் அதைக் கையில் எடுத்தது. 1954-இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் தூக்கிச் செல்ல வசதியாக ‘பிரீத்தலைசர்’ செய்தார். கதை முடிந்தது.

கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி, எத்தனாலுக்கு நேர்மாறு. அது ஆவியாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிசுபிசுப்பான பொருள். மூச்சில் வெளியே வருவது எப்படி என்றால், நுரையீரலின் அடியாழத்தில் நுண்ணிய காற்றுக் குழாய்கள் மூடித் திறக்கும்போது உட்பூச்சாக இருக்கும் திரவப் படலம் உடைந்து கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன. டிஎச்சி அந்தத் துளிகளில் ஓசிச் சவாரி செய்துகொண்டு வருகிறது. அளவு? பிக்கோகிராம் கணக்கு, ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். அதனால்தான் மூச்சைச் சின்ன வடிகட்டி ஒன்றின் வழியாக விட்டு, துளிகளை அதில் மோத வைத்துச் சேகரிக்கிறார்கள். ஒரு பலூன் காற்றில் வருவது போதாது. வடிகட்டி நிஸ்ட் ஆய்வகத்துக்குப் போகிறது. அதில் ஒட்டியதைக் கரைத்தெடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றுகிறார்கள். அந்த இயந்திரத்தை நெடுஞ்சாலை ஓரம் போலீஸ்காரர் தோளில் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது என்பது தனிக் கதை.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? 2023-இல் கவிதா ஜீரேஜ், டாரா லவ்ஸ்டெட் ஆகிய நிஸ்ட் விஞ்ஞானிகளும் பிட்வெல் குழுவும் தங்கள் முன்னோட்ட ஆய்வை வெளியிட்டார்கள். 18 பேர். புகைப்பதற்கு முன் ஒரு மூச்சு, புகைத்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு மூச்சு. பின்னால் எடுத்ததில் டிஎச்சி எகிறியிருக்க வேண்டும் அல்லவா? எகிறவில்லை! இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் முன்பு எடுத்தது எது, பின்பு எடுத்தது எது என்றே பிரிக்க முடியாத அளவுக்கு எண்கள் கலந்து கிடந்தன. ஒரே ஒரு மூச்சை வைத்துக்கொண்டு ‘நீ இப்போதுதான் அடித்தாய்’ என்று யாரையும் பிடிக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் வேனை விற்றிருப்பார்கள். இவர்கள் உற்சாகமாக அடுத்த சோதனைக்குத் திட்டம் போட்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழப்பத்துக்கு மூலகாரணம் டிஎச்சியின் குணம். அது கொழுப்பில் கரையும். ஆல்கஹால் உடம்பில் தண்ணீர் மாதிரி ஓடி வடிந்துவிடும். டிஎச்சி துணியில் ஏறிய எண்ணெய்க் கறை. புகைத்த பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் உச்சிக்குப் போய், சில மணி நேரத்தில் தடாலென்று சரிந்துவிடும். சரிந்தது எங்கே போனது? மூளைக்கும் கொழுப்புக்கும். தலை கிறுகிறுத்துக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டிருக்கும். மறுபக்கம், தினசரிப் புகைத்துப் பழகியவருக்குக் கொழுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர்களைப் புகையே இல்லாமல் அடைத்து வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சிலரது ரத்தத்தில் ஒரு மாதம் கழித்தும் டிஎச்சி எட்டிப் பார்த்தது. முந்தாநாள் அடித்தவர் தெளிவாக இருந்தும் மாட்டுவார். இப்போது அடித்தவர், ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தப்பிவிடுவார்.

சட்டம் போடுகிறவர்கள் இதற்கெல்லாம் அசருவார்களா? ஆளுக்கொரு எண் எழுதிவிட்டார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் 5 நானோகிராம் இருந்தால் குற்றம் என்கிறது வாஷிங்டன் மாநிலம். கொலராடோவும் 5 என்கிறது. ஆனால் அங்கே அது குற்றம் என்று ஜூரி ஊகித்துக்கொள்ளலாம், ஊகிக்காமலும் விடலாம். பிரிட்டனில் 2015 முதல் 2. கனடாவில் 2 தொட்டால் சின்னக் குற்றம், 5 தொட்டால் பெரியது. ஜெர்மனி 1-இல் பிடிவாதமாக இருந்துவிட்டு, 2024 ஆகஸ்டில் 3.5-க்கு வந்தது, அதுவும் முழு ரத்தத்தில் அல்ல, சீரத்தில், ஆகவே கணக்கே வேறு. ஒரே ஆளை ஒரே ரத்தத்தோடு இந்த நாடுகளில் சுற்றுலா அனுப்பினால் ஒரு ஊரில் குற்றவாளி, அடுத்த ஊரில் உத்தமர்.

எச்சில் சோதனைக்காரர்களின் கூடாரத்தில் ஒரு நிமிடம் நிற்போம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் உலகிலேயே முதலாகச் சாலையோரத்தில் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்தி எச்சில் சோதனை செய்யத் தொடங்கியது. கேமராக்கள் சூழ முதல் நாளிலேயே ஒருவர் மாட்டினார். ஆய்வகத்தில் மறுபடி சோதித்தால் ஒன்றுமில்லை! அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. டிரேகர் நிறுவனத்தின் கருவியைக் கனடா 2018-இல் அங்கீகரித்தது. பஞ்சுக் குச்சியை வாய்க்குள் சுழற்ற வேண்டும். போதுமான எச்சில் சேர்ந்ததும் அதில் உள்ள அடையாளம் நீலமாக மாறும். இங்கேயும் கஞ்சா ஒரு குறும்பு செய்கிறது. அது வாயை உலர வைக்கும். அடித்தவர் வாயில்தான் எச்சிலே இருக்காது! குச்சி நீலமாகட்டும் என்று நடுரோட்டில் இருவரும் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால், எச்சில் சோதனை அண்மையில் புகைத்தாரா என்பதை ரத்தத்தைவிட நன்றாகவே சொல்லும். போதையில் இருக்கிறாரா என்று கேட்டால் அதுவும் கையை விரிக்கும்.

கண்டுபிடிப்பாளர்கள் பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், போதையே வேண்டாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல்காரர் அலெக்சாண்டர் ஸ்டாரும் மின்பொறியாளர் எர்வின் செய்டிச்சும், தலைமுடியைவிட லட்சம் மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாய்களைச் சென்சாராக்கி 2019-இல் ஒரு பெட்டி காட்டினார்கள். டிஎச்சி குழாயில் ஒட்டினால் மின்னோட்டம் மாறும்; அந்த மாற்றத்தைக் கணினி படித்துப் பழகிக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலிஸ் யுசிஎல்ஏவில் நீல் கார்க், எவன் டார்சி இருவரும் டிஎச்சியிலிருந்து ஹைட்ரஜனை உருவி அதை நிறம் மாற வைத்தார்கள். அடுத்த கட்டமாக, மதுக் கருவிக்குள் இருப்பதைப்போல, டிஎச்சியையே எரிபொருளாகக் கொண்டு மின்சாரம் வர வைத்தார்கள். கலிஃபோர்னியாவின் ஹவுண்ட் லேப்ஸைத் தொடங்கிய மைக் லின் அவசர சிகிச்சை மருத்துவர். கூடவே ஷெரிஃப் துறையில் பகுதிநேர அதிகாரியும்கூட. விபத்தில் அடிபட்டவரைத் தைப்பதும் அவரே, வண்டியை மறிப்பதும் அவரே.

இவர்களெல்லாம் பொருளைத் தேடுகிறார்கள். ஆளைத் தேடுகிறவர்களும் உண்டு. அதுதான் எனக்குப் பிடித்த கூடாரம்.

மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டி போலீஸ் ‘கிரீன் லேப்’ என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. போலீஸ் பயிற்சிக் கழக வளாகத்திலேயே தன்னார்வலர்களை உட்கார வைத்துக் கஞ்சா புகைக்கச் சொல்வார்கள். ஆம், சரியாகத்தான் படித்தீர்கள். பிறகு பயிற்சி அதிகாரிகள் ஒவ்வொருவராக அவர்களைச் சோதித்துப் பழகுவார்கள். குதிகாலும் கட்டைவிரலும் தொட ஒன்பது அடி நடந்து, திரும்பி, ஒன்பது அடி. ஒற்றைக் காலைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி நின்றுகொண்டு எண்ண வேண்டும். கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்து, மனத்துக்குள் 30 நொடி ஆனதும் சொல்ல வேண்டும். சிலருக்கு அந்த 30 நொடி ஜவ்வாக இழுக்கும், சிலருக்குப் பறந்துவிடும். குடிபோதையைக் காட்டிக்கொடுக்கும் கண் துடிப்பு கஞ்சாவில் வராது. அதற்குப் பதில், மூக்கருகே கொண்டுவரும் பேனாவைப் பார்க்க இரு கண்ணும் ஒன்றுகூட மறுக்கிறதா என்று கவனிப்பார்கள். இந்த நடை, ஒற்றைக்கால் சோதனைகளெல்லாம் 1970களில் மதுவுக்காக உருவாக்கப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-இல், கஞ்சா வழக்கில் இவற்றைச் ‘சோதனை’ என்றே குறிப்பிடக் கூடாது, ‘சாலையோர மதிப்பீடு’ என்றால் போதும் என்று சொல்லிவிட்டது.

நீதிபதிகளுக்கு வந்த சந்தேகத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ குழு சோதித்தே பார்த்தது. தாமஸ் மார்கோட் தலைமையில் 191 பேரைப் புகைக்கவிட்டு, கார் சிமுலேட்டரில் ஓட்ட வைத்தார்கள். சிலருக்கு நிஜக் கஞ்சா. சிலருக்கு டிஎச்சி நீக்கிய டம்மி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, சோதிக்கிறவர்களுக்கும் தெரியாது. புகைத்த அரை மணியில் நிஜக் கஞ்சாக் குழுவின் ஓட்டம் தடுமாறியது. ஒன்றரை மணியிலும் தடுமாற்றம் தீரவில்லை. ஆனால், அதற்குள் பலருக்கு ‘நான் சரியாகிவிட்டேன், சாவியைக் கொடு’ என்ற தைரியம் வந்துவிட்டது. ரத்தத்தில் இருந்த டிஎச்சிக்கும் அவர்கள் ஓட்டிய லட்சணத்துக்கும் தொடர்பே காணோம்.

இதற்கு அடுத்ததுதான் உச்சம். முழுப் பயிற்சி பெற்ற, சான்றிதழ் வாங்கிய போதைப்பொருள் நிபுணர்களான போலீஸ் அதிகாரிகளை அழைத்து, அதே ஆட்களில் 184 பேரைச் சோதிக்கச் சொன்னார்கள். நிஜக் கஞ்சா புகைத்தவர்களில் 81 சதவீதத்தினரைப் போதையில் இருப்பதாகச் சரியாகச் சொன்னார்கள். சபாஷ்! டம்மி புகைத்தவர்களில்? 49.2 சதவீதத்தினரையும் போதை என்றே சொன்னார்கள். 63 பேரில் 31 பேர்! பாவம், வைக்கோலைப் புகைத்த மாதிரி புகைத்துவிட்டு ஒற்றைக் காலில் தள்ளாடியவர்கள். யோசித்துப் பாருங்கள், காலை நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு, போலீஸ்காரர் முறைத்துக்கொண்டிருக்க, உங்களால் ஒற்றைக் காலில் நிற்க முடியுமா? நான் என் வீட்டு மாடியில் முயன்றேன். கைப்பிடிச் சுவர் காப்பாற்றியது.

அயோவா பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்ட சிமுலேட்டரையும் பார்க்காமல் போனால் பாவம். 24 அடி விட்டக் குவிமாடம். உள்ளே ஒரு முழுக் கார். சுற்றிலும் 360 பாகைக்கும் திரையில் சாலை விரிகிறது. குவிமாடமே நகர்ந்து பிரேக் பிடித்த உணர்வைக் கொடுக்கும். இங்கே நடந்த ஆய்வில், கஞ்சா அடித்தவர் தன் தடத்துக்குள்ளேயே இப்படியும் அப்படியும் அலைந்தார். ஆனால், ஒரு வேடிக்கை: குடித்தவர் வேகத்தைக் கூட்டுவார், கஞ்சா அடித்தவர் குறைப்பார். முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஊர்ந்துகொண்டிருப்பார். நிதானம் என்று ஏமாற வேண்டாம். எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால் அந்த நிதானம் உதவாது.

தலையில் தொப்பி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோடி கில்மன் குழு, அகச்சிவப்புக்கு அருகிலான ஒளியை நெற்றி வழியாகச் செலுத்தி, மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தது. 2022-இல் வெளிவந்த முடிவின்படி 76 சதவீதம் சரியாகச் சொன்னது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் மைக்கேல் மில்பர்ன் ‘டுரூயிட்’ என்றொரு செயலி செய்தார். போனில் சில நிமிடம் வட்டத்தையும் சதுரத்தையும் தொட்டு, ஒற்றைக் காலில் நின்று காட்டினால் மதிப்பெண் வரும். தெளிவாக இருக்கும் நாளில் உங்கள் மதிப்பெண் எவ்வளவு என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அதற்கு அர்த்தம். வேலைக்குள் நுழையும் கிரேன் ஓட்டுநருக்கு அது சரிவரும். நடுரோட்டில் முதன்முறையாகச் சந்திக்கும் அந்நியருக்கு?

இப்போது வேன்காரர்களின் அடுத்த திட்டத்துக்கு வருவோம். ஒரு மூச்சு சொல்லாததை இரண்டு மூச்சு சொல்லலாமே என்பதுதான் யோசனை. வண்டியை நிறுத்திய இடத்தில் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இப்போதுதான் புகைத்தவர் என்றால் இரண்டாவது மூச்சில் டிஎச்சி குறைந்திருக்க வேண்டும். போன வாரத்துப் பழங்கணக்கு என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார்கள். பந்தயம் கட்டச் சொன்னால் நான் இந்தக் குதிரைமேல்தான் கட்டுவேன்.

ஒரே ஒரு முள். கொலராடோ கடைகளில் இலை மட்டும் விற்பதில்லை. கஞ்சா கலந்த கம்மி மிட்டாயும் பிஸ்கெட்டும் சாக்லெட்டும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. தின்றால் ரத்தத்தில் ஏற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். சில சமயம் அதற்கும் மேல். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பியவர் இருபதாவது நிமிடத்தில் மாட்டுகிறார் என்று வையுங்கள். முதல் மூச்சு. காத்திருப்பு. இரண்டாவது மூச்சு. குறைய வேண்டிய எண் கூடியிருந்தால், அந்த அதிகாரி படிவத்தில் என்ன எழுதுவார்?